டாங்டுட் கொஞ்சம், பேய் கொஞ்சம்: இந்தோனேசியக் கேள்வி பதில்

இந்தோனேசியாவின் சுரபாயா நகரில் எட்டு வருஷம் இருந்தவன் என்பதால், அந்த ஊர்ப் பாட்டையும் சினிமாவையும் பற்றி என்னிடம் கேட்கிறீர்கள். சரி, தெரிந்ததைச் சொல்கிறேன். முதலிலேயே ஒன்று: இந்தோனேசிய மொழி வேறு, ஜாவா மொழி வேறு.

கேள்வி: கொரியப் பாட்டு போல இந்தோனேசியப் பாட்டும் உலகம் சுற்றுமா? எதில் கேட்க ஆரம்பிக்கலாம்?

பதில்: உலகத்தை விடுங்கள், ஊருக்குள்தான் கதையே. டிடி கெம்பொட்டில் ஆரம்பியுங்கள். சோலோ ஊர்க்காரர், தெருப்பாடகராக இருந்தவர். பஸ் நிலையம், ரயில் நிலையம், துறைமுகம் என்று காதலி விட்டுப்போன இடங்களையெல்லாம் ஜாவா மொழியில் பாடினார். பெரிசுகளின் பாட்டு என்று கிடந்ததை 2019இல் கல்லூரிப் பிள்ளைகள் திடீரென்று தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். தங்களுக்கு 'சோபாட் அம்பியார்' என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள். நொறுங்கிப்போன நண்பர்கள் என்று பொருள். 2020 மே மாதம், 53 வயதில் அவர் இறந்துபோனார்.

அவருடைய 'பாமெர் போஜோ' பாட்டைக் கோப்லோ தாளத்தில் கேட்கவேண்டும். டாங்டுட் என்பது அங்கத்திய ஜனரஞ்சகப் பாட்டு; கோப்லோ அதில் ஒரு வேகமான வகை. நடுவில் பாட்டை நிறுத்திவிட்டு செண்டோல் என்ற இனிப்புப் பானம் விற்பவரைப் போலக் கூவுவார்கள். எவ்வளவு? ஐந்நூறு! அப்புறம்? கெத்தான் (ஒட்டும் அரிசி) போடாதது! பிறகு ஜி, ரோ, லு, பட் என்று ஜாவா மொழியில் எண்ண, கெண்டாங் மத்தளம் விழும். சிடோஅர்ஜோவில் தெருவை அடைத்துப் பந்தல் போட்ட ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். சோத்தோ குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த பாட்டி, கரண்டியை ஓங்கியபடியே எட்டு வரை எண்ணிவிட்டுத்தான் என் கிண்ணத்துக்கு வந்தார்.

கேள்வி: டாங்டுட் இந்திப் பாட்டின் நகல்தானே?

பதில்: பாதி உண்மை. எல்யா கடாம் பாடிப் புகழ்பெற்ற பாட்டின் பெயரே 'இந்தியப் பொம்மை'. மலாய் இசைக்குழுக்கள் இந்திப்பட மெட்டுகளை எடுத்தது ஊரறிந்த விஷயம். 'டாங்', 'டுட்' என்பது தபலா ஒலி. 70களில் கேலியாக ஒட்டிய பெயர். பாடகர் ரோமா இராமா அந்தப் பெயரையே கொடியாகப் பிடித்தார். டீப் பர்ப்பிள் என்ற ஆங்கில ராக் குழுவின் பாணி கிட்டாரையும் இஸ்லாமிய அறிவுரையையும் ஒரே பாட்டில் வைத்தார். இது எதனுடைய நகல்?

கேள்வி: ஆக, நகல் என்று ஒப்புக்கொண்டீர்கள்!

பதில்: மறுபடி படியுங்கள்.

கேள்வி: தபலா நம்முடையது. இசையும் நம்முடையதுதானே?

பதில்: கிட்டார் வாசித்ததற்காக இளையராஜாவை ஸ்பெயினுக்கு எழுதிக்கொடுத்துவிடலாமா? கோப்லோவில் ஆட்டிவைப்பது கெண்டாங். இத்துடன் நகல் பஞ்சாயத்து முடிந்தது.

கேள்வி: ரோமா இராமா ஒரு பாடகியை ஆடக்கூடாது என்றாராமே?

பதில்: இனுல் தாரத்திஸ்தா, 2003. கிழக்கு ஜாவாவின் பாசுருவான்காரி. இடுப்பைத் துளைக்கும் கருவி போலச் சுழற்றுவார். ஆட்டத்துக்கே 'ஙெபோர்', அதாவது துளையிடுதல் என்று பெயர். கல்யாண மேடைகளில் ஆடியது திருட்டு விசிடியாகச் சந்தைக்கு வந்து, அதற்குப் பிறகுதான் தொலைக்காட்சி அவரைத் தேடியது. ரோமா கடுமையாகக் கண்டித்தார். என் கணிப்பில் அந்தச் சண்டையில் ஜெயித்தது இனுல்தான். இன்றைய கோப்லோ பாடகிகளுக்கு வழி திறந்துவிட்டது அவர் இடுப்பு.

கேள்வி: சினிமாவில் பேய்ப்படம் மட்டும்தானா?

பதில்: பேய்க்குத்தான் முதல் மரியாதை. ட்விட்டரில் தொடராக வந்த கதையைப் படமாக்கி 2022இல் வெளியிட்டார்கள், 'கேகேஎன் டி டேசா பெனாரி'. ஒரு கோடிப் பேர் தியேட்டருக்குப் போனார்கள். ஆனால் 2025இல் 'ஜும்போ' என்ற குழந்தைகளுக்கான அனிமேஷன் படமும் ஒரு கோடியைத் தாண்டியது.

கேள்வி: பாலிக்கு விசா எப்படி?

பதில்: தூதரகத்தைக் கேளுங்கள்.

கேள்வி: மலேசியாவிலும் இந்தப் பாட்டுகள்தானே ஓடுகின்றன?

பதில்: ஓடின. அதனால்தான் 2008இல் அங்குள்ள இசைக்கலைஞர்கள், வானொலியில் பத்துக்கு ஒன்பது உள்ளூர்ப் பாட்டாக இருக்கவேண்டும் என்று கேட்டார்கள்.

கேள்வி: 2022 சுதந்திர தினத்தில் அதிபர் மாளிகையில் ஒரு சிறுவன் பாடினானே, அந்த இந்தோனேசிய மொழிப் பாட்டு...

பதில்: ஜாவா மொழி! முதல் பத்தியிலேயே சொன்னேன்.

கேள்வி: இந்திப் பாட்டிலிருந்துதான்...

பதில்: அடுத்தவர்.

கேள்வி: செண்டோலில் கெத்தான் போட்டால் என்ன ஆகும்?

பதில்: ஒன்றும் ஆகாது, நன்றாகவே இருக்கும். ஐந்நூறு ரூபியாவுக்குத்தான் கிடைக்காது.