ஹெரோயினுக்கு எதிரான விழிப்புணர்வுப் பிரசாரத்துக்கு இவ்வளவு காசு செலவழிப்பதில் பிரயோசனம் உண்டா?

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு சனசமூக நிலையத்துக்கு நாலு வருடம் பொருளாளராக இருந்தவன். அதனால் இந்தக் கேள்விக்குக் கணக்குக் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பதில் சொல்லத் தெரியும்.

2023 யூன் 26. சர்வதேச போதைப்பொருள் ஒழிப்பு தினம், 1987இல் ஐ.நா. அறிவித்தது. ஊரில் ஒரு பெடியனின் மரணவீடு நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எல்லோருக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்ற அந்தரம். கூட்டம் வைத்தோம். செலவு இப்படி: பனர் இரண்டு 9,600. ஒலிபெருக்கியும் கதிரையும் 12,000. பொன்னாடை, மாலை 5,400. றோல்ஸும் தேத்தண்ணியும் 140 பேருக்கு 21,000. துண்டுப்பிரசுரம் ஆயிரம் பிரதி, 6,500. மொத்தம் 54,500 ரூபா.

பனரில் மண்டையோடு, ஊசி, 'போதை அழிவின் பாதை'. முன்வரிசையில் விருந்தினர்கள், அடுத்து பென்சனியர்மார், அதற்குப் பின்னால் அதிபர் கூட்டிக்கொண்டு வந்த பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். யாருக்காகக் கூட்டம் வைத்தோமோ அவர்கள் வழக்கம்போல மதவடியில் மோட்டார் சைக்கிளோடு நின்றார்கள். ஒலிபெருக்கி அவ்வளவு தூரம் கேட்கும். கேட்டுச் சிரித்திருப்பார்கள்.

கூட்டம் முடிந்து கதிரை அடுக்கும்போது ஒரு அம்மா போகாமல் நின்றார். எங்கள் துண்டுப்பிரசுரத்தைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார். மற்றவர்கள் கொஞ்சம் விலகியதும் என்னிடம் வந்து, மெதுவாக, "தம்பி, உதுக்கு மருந்து எங்க குடுக்கிறவை?" என்று கேட்டார். பேச வந்த டொக்டர் அதற்குள் போய்விட்டார். தலைவர் என்னைப் பார்த்தார், நான் செயலாளரைப் பார்த்தேன். துண்டுப்பிரசுரத்தை வாங்கி விரித்தேன். ஹெரோயினால் என்னென்ன கெடும் என்று நாலு பந்தி. கடைசியில் அனுசரணையாளர்களுக்கு நன்றி. ஒரு தொலைபேசி இலக்கம்கூட இல்லை. அதை அச்சுக்குக் கொடுக்கும் முன் படித்துத் திருத்தியவன் நான்தான்.

நாங்கள் சின்ன ஆட்கள், சரி. பெரிய காசிலும் இது நடந்திருக்கிறது. அமெரிக்காவில் இளைஞர்களுக்கான போதை எதிர்ப்பு விளம்பரத் திட்டமொன்றுக்கு 1998 முதல் 2004 வரை 120 கோடி டொலருக்கு மேல் ஒதுக்கினார்கள். அது பெரும்பாலும் கஞ்சாவைப் பற்றியது. இளைஞர்களின் பாவனை அதனால் குறையவில்லை என்று அவர்களுடைய காங்கிரஸின் கணக்காய்வு அலுவலகம் 2006இல் சொல்லிவிட்டது. விளம்பரத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்த பிள்ளைகளுக்கு, 'மற்றவை எல்லாரும் பாவிக்கினம்போல' என்ற எண்ணம் வந்திருக்கலாம் என்பதும் அந்தத் திட்டத்தை ஆராய்ந்தபோது வந்த விஷயம். எங்கள் மண்டையோட்டுப் பனரை நினைத்துக்கொண்டேன்.

விற்கிறவனுக்குப் பிரசாரம் எப்படிச் செய்வது என்று எங்களைவிட நன்றாகத் தெரியும். ஒக்சிகொன்ரின் என்ற, அபின் வகை வலி மாத்திரையை 1996இல் சந்தைக்குக் கொண்டுவந்த பேர்டியூ நிறுவனம், 2001 என்ற ஒரே வருடத்தில் அதை விளம்பரப்படுத்த 20 கோடி டொலர் செலவழித்தது. டொக்டர்மார் மூலம் இலவசக் கூப்பனும் கொடுத்தார்கள், முதல் தடவை மாத்திரை சும்மா. மாத்திரையைப் பற்றிப் பொய்யான தகவல் பரப்பியதை 2007இல் அதன் இணை நிறுவனமே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. எங்கள் ஊரில் குடு என்கிற ஹெரோயின் விற்கிறவன் வணிகம் படித்தவன் இல்லை, ஆனால் அவனும் முதல் பக்கற்றைச் சும்மாதான் கொடுக்கிறான்.

ஆகவே என் பதில்: எச்சரிக்கைக்கு மட்டும் செலவழித்தால் பெரும்பகுதி வீண். ஹெரோயின் கூடாது என்று தெரியாத ஆள் யாழ்ப்பாணத்தில் இல்லை. தெரியாதது வேறு. ஹெரோயினும், மோர்பின், ட்ரமடோல் போன்ற வலி மருந்துகளும் அபினிலிருந்து வருபவை அல்லது அபினைப் போல வேலை செய்பவைதான். ஹெரோயினை நிறுத்தி 8 முதல் 12 மணித்தியாலத்தில் உடம்பு உளைவு, வாந்தி, வயிற்றோட்டம் தொடங்கும். இரண்டாம் மூன்றாம் நாள் உச்சம். ஒரு கிழமையளவில் தணியும். இதை அறியாத தகப்பன், "நடிக்கிறான்" என்று அடிக்கிறார். இன்னொன்று இதைவிட முக்கியம். சில கிழமை நிறுத்தியிருந்தவன் திரும்பப் பழைய அளவையே எடுத்தால் உடம்பு தாங்காது, மூச்சு நின்றுபோகலாம். மறுவாழ்வு நிலையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ பிள்ளை திரும்பி வரும் வீட்டுக்கு இந்த ஒரு வசனம் போய்ச் சேர வேண்டும். அதை அச்சடிக்க மேலதிகமாக ஒரு சதமும் வேண்டாம், மண்டையோடு இருந்த இடத்தில் போட்டிருக்கலாம்.

அடுத்த வருடம் கூட்டம் வைக்கவில்லை. தலைவருக்கு அதில் மனவருத்தம், பொன்னாடை இல்லாமல் என்ன நிகழ்வு என்று. உள்ளங்கை அளவில் ஸ்ரிக்கர் அடித்தோம்: தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் தொலைபேசி இலக்கம் 1927, மனநல உதவிக்கு 1926, கிட்டிய ஆஸ்பத்திரியில் மனநலக் கிளினிக் நடக்கும் நாள். சலூன், பாமசி, ஓட்டோ ஸ்ராண்ட், கோயில் கிணற்றடி என்று ஒட்டினோம். மொத்தம் 8,200 ரூபா. ஒரு சலூன்காரர் மட்டும், "கடைக்குக் கெட்ட பேர் வரும்" என்று மறுத்தார். பிறகு அவரே ஆளனுப்பி இரண்டு வாங்கினார், ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

மிச்சக் காசில் ஓட்டோவுக்குக் கொடுத்தோம். கிளினிக்குக்கு வரச் சம்மதித்தவனைப் பஸ்ஸில் கொண்டுபோக முடியாது, வழியில் இறங்கிவிடுவான். அந்த அம்மாவின் மகன் இரண்டு தடவை போனான். மூன்றாம் தடவை வரவில்லை. நாலாம் தடவை அவனே ஓட்டோவைக் கூப்பிட்டான்.

வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் ஒரு உறுப்பினர் எழும்பி, "ஓட்டோ 4,800 என்று கிடக்கு. யார் போனது, பற்றுச்சீட்டு எங்கே?" என்று கேட்டார். பொன்னாடைக்கு ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. பேரைச் சொல்ல முடியாது. கைக்காசைப் போட்டு அந்த வரியை வெட்டினேன்.