மேடை இருக்கிறது, ட்ராமுக்குள் படியும் இருக்கிறதே! மெல்பர்னில் வாக்கரோடு ஏறுவது எப்படி?

கேள்வி: மெல்பர்னின் புறநகரான வெர்மான்ட் சவுத்துக்கு அண்மையில்தான் குடிவந்தோம். முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்ட அம்மா திருச்சியிலிருந்து வந்திருக்கிறார். வாக்கர் இல்லாமல் நடக்க முடியாது. எங்கள் பக்கத்து 75-ஆம் எண் ட்ராம் நிறுத்தத்தில் சாய்தளம், உயர்ந்த மேடை எல்லாம் இருப்பதைப் பார்த்து நம்பி அழைத்துப் போனோம். ட்ராம் வந்து கதவு திறந்தால் உள்ளே செங்குத்தாகப் படிகள். அடுத்து வந்ததும் அப்படியே. மேடையைக் கட்டிவிட்டு ஏன் இப்படி விட்டிருக்கிறார்கள்? அம்மாவை ட்ராமில் கூட்டிப்போக வழியே இல்லையா?

பதில்: வழி இருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டு வாசலிலிருந்து 75-இல் கிளம்புகிற திட்டத்தை மட்டும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

வாக்கரோ சக்கர நாற்காலியோ தடங்கல் இல்லாமல் ஏற இரண்டு விஷயம் ஒரே இடத்தில் சேர வேண்டும்: உயர்ந்த மேடை உள்ள நிறுத்தம், உள்ளே படியில்லாத தாழ்தள ட்ராம். ஒன்று இருந்து மற்றது இல்லையென்றால் பயனில்லை. உங்கள் பகுதிக்கு ட்ராம் பாதை நீட்டப்பட்டது 2005-இல். புதிதாகப் போட்ட பாதை என்பதால் நிறுத்தங்களை மேடையோடு கட்டினார்கள். ஆனால் அதில் ஓடுவது பெரும்பாலும் ஏ, பி வகை வண்டிகள், 1980-களிலும் 90-களின் தொடக்கத்திலும் கட்டியவை. மோட்டாரும் சக்கரங்களும் தளத்துக்கு அடியில் இருப்பதால் அவற்றின் தளம் உயரம். மேடையின் உயரம் சுமார் ஓர் அடிதான். ட்ராமின் முதல் படி மேடைக்குச் சமமாக வந்துவிடும், மீதிப் படிகள் உள்ளே அப்படியே நிற்கும். அம்மா பார்த்தது அதைத்தான்.

எதிர்மாறான நிலைமையும் நகரில் ஏராளம். ட்ராம் தாழ்தளமாக இருக்கும், நிறுத்தம் வெறும் தார்ச்சாலையாக இருக்கும். நடைபாதையிலிருந்து இறங்கி, நின்றுகொண்டிருக்கும் கார்களைத் தாண்டிப் போய், ஓர் அடி உயரத்தை எட்டி ஏற வேண்டும். விக்டோரியா மாநிலத் தலைமைத் தணிக்கையாளர் 2020-இல் வெளியிட்ட அறிக்கை இந்த இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தது. தாழ்தள வண்டி மேடை நிறுத்தத்தில் வந்து நின்ற சேவைகள் 2018-19-இல் 15 சதவீதம் மட்டுமே. எல்லா நிறுத்தங்களும் 2022 முடிவதற்குள் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றதாக ஆகியிருக்க வேண்டும் என்பது நாட்டின் சட்டவிதி. அந்தக் கெடு தாண்டிப் போய்விட்டது. இது எனக்குச் சாதாரணக் குறையாகத் தெரியவில்லை. காலில் தெம்பில்லாதவர்களை வீட்டிலேயே இருக்கச் சொல்வதற்குச் சமம்.

'நல்ல ட்ராமை எங்கள் பாதைக்கும் விட வேண்டியதுதானே?' என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். மெல்பர்னின் புதிய ஈ வகை ட்ராம் 33 மீட்டர் நீளம், பி வகை ஏறக்குறைய 23 மீட்டர்தான். நீளமான வண்டி வந்தால் பணிமனையில் அதை நிறுத்த இடம் வேண்டும், நிறுத்த மேடைகளும் அந்த நீளத்துக்கு இருக்க வேண்டும். தலைக்கு மேல் போகும் கம்பியில் ஓடுவது 600 வோல்ட் நேர்மின்னோட்டம். குளிர்சாதனமும் எடையும் கூடிய வண்டிகள் வரிசையாக வந்தால் மின்சாரம் கூடுதலாக இழுக்கும், அதற்குத் துணைமின் நிலையங்களைப் பெரிதாக்க வேண்டும். நிறுத்தங்களோ 1,700-க்கு மேல். பாதையில் ஏறக்குறைய முக்கால் பங்கு கார்களோடு பகிர்ந்துகொள்ளும் சாலை. மேடை கட்டினால் கார் நிறுத்தும் இடம் போகும், கடைக்காரர்கள் எதிர்ப்பார்கள். இவையெல்லாம் காரணங்கள்தான். ஆனால் இத்தனை ஆண்டுத் தாமதத்துக்கு இவை போதும் என்று நான் சொல்ல மாட்டேன்.

சரி, அம்மாவுக்கு வருவோம். தாழ்தள ட்ராமைத் தூரத்திலேயே அடையாளம் காண ஒரு வழி: முகப்பில் எழுதியிருக்கும் வண்டி எண். வழித்தட எண்ணைச் சொல்லவில்லை, சிறிய எழுத்தில் இருக்கும் வண்டியின் சொந்த எண். அது மூன்று இலக்கமாகவோ 2-இல் தொடங்கும் நான்கு இலக்கமாகவோ இருந்தால் உள்ளே படி உண்டு. 3, 5, 6-இல் தொடங்கும் நான்கு இலக்கமென்றால் தாழ்தளம். டான்டினாங்கில் கட்டப்படும் புதிய ஜி வகைக்கு 7-இல் தொடங்கும் எண், அதுவும் தாழ்தளம்தான். வீட்டிலிருந்தே பார்க்க, ட்ராம் நேரம் காட்டும் செயலியில் சக்கர நாற்காலிக் குறி இருக்கிறதா என்று கவனியுங்கள்.

முதல் பயணத்துக்கு நான் சொல்வது 96-ஆம் எண் ட்ராம். நகர மையத்தின் பர்க் தெருவிலிருந்து சதர்ன் கிராஸ் ரயில் நிலையம் வழியாக செயின்ட் கில்டா கடற்கரைப் பக்கம் போகும் ட்ராம். ஓடுவது ஈ வகை, வழியில் பெரும்பாலான நிறுத்தங்களில் மேடை உண்டு. ஊரைத் தாண்டியதும் அது பழைய ரயில் பாதையில் ஓடுகிறது, 1987-இல் ட்ராமுக்கு மாற்றிய பாதை. கார்களோடு சாலையைப் பகிர்வதில்லை, அதனால் திடீர் பிரேக்கும் குறைவு. நுனாவாடிங் ஸ்டேஷன் வரை காரில் போய், அங்கிருந்து ரயிலில் சதர்ன் கிராஸ் சேருங்கள். ரயிலில் முதல் பெட்டியின் முதல் கதவருகே நின்றால் ஓட்டுநரே சாய்பலகை வைத்துக் கொடுப்பார். ட்ராமில் அந்த உதவி கிடையாது. மேடைக்கும் வண்டிக்கும் நடுவே சிறு இடைவெளி இருக்கும். வாக்கரின் முன் சக்கரம் கொஞ்சம் சாய்ந்து போனாலும் மாட்டிக்கொள்ளும், நேராகத் தள்ளி ஏறச் சொல்லுங்கள்.

இறங்கும் நிறுத்தத்தையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். ஏறும்போது மேடை இருந்து, இறங்கும்போது வெறும் சாலை என்றால் அம்மா மாட்டிக்கொள்வார். அப்படி ஆனால் அவசரப்பட்டு இறக்காதீர்கள், அடுத்த மேடை நிறுத்தம் வரை உட்கார்ந்து போய்விட்டுத் திரும்பி வரலாம். காலையிலும் மாலையிலும் அலுவலக நேரத்தைத் தவிருங்கள். ஏறியதும் அம்மா உட்கார்ந்த பிறகு வாக்கரின் பிரேக்கைப் போட்டுவிடுங்கள்.

மைக்கி என்ற பயண அட்டை விஷயம்: நகர மையத்தின் இலவச மண்டலத்துக்குள்ளேயே ஏறி இறங்கினால் அட்டையைத் தொட வேண்டாம். செயின்ட் கில்டா அதற்கு வெளியே, ஏறும்போது தொட்டே ஆக வேண்டும். இறங்கும்போது ட்ராமில் தொடத் தேவையில்லை, ரயிலில் கட்டாயம்.

அப்புறம், உங்கள் 75-ஐப் பற்றி ட்ராம் நிறுவனத்துக்கு எழுதுங்கள். தேதி, நேரம், நிறுத்த எண், வண்டி எண் நான்கையும் குறிப்பிடுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் விக்டோரியாவில் பொதுப் போக்குவரத்துக்கென்றே குறைதீர்ப்பாளர் இருக்கிறார், அவரிடம் இலவசமாகப் புகார் கொடுக்கலாம்.