உண்டிகோல் பழக விரும்பும் புதியவர் எதை வாங்கினால் பாதுகாப்பாக இருக்கும்?

அலுமினியமா, ஸ்டீலா, மரமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆயிரம் ரூபாய் வரை செலவழிக்கலாம் என்றும் மொட்டை மாடியில் பழகப்போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பகலெல்லாம் நாற்காலி வேலை, மாலையில் ஒரு பொழுதுபோக்கு, வீட்டில் மனைவியின் முறைப்பு, இப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். அந்த ஆயிரத்தில் பாதியைக்கூடக் கவட்டைக்கு, அதாவது அந்த ‘Y’ வடிவப் பிடிக்கு, கொடுக்காதீர்கள். முதலில் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, அடுத்து ரப்பர், மிச்சம் இருப்பதில் கவட்டை.

“பெண்பிள்ளைக்கு உண்டிகோலைப் பற்றி என்ன தெரியும்” என்று கேட்க ஒருவர் எப்படியும் வருவார் என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். வடசென்னையில், தண்டையார்பேட்டையில் அப்பா வைத்திருந்த சைக்கிள் கடையை இப்போது நானும் தம்பியும் நடத்துகிறோம். கொய்யாக் கவட்டையோடு வரும் பையன்களுக்கு அப்பா வால் டியூப் (சைக்கிள் வால்வில் மாட்டும் மெல்லிய ரப்பர்க் குழாய்) வெட்டிக் கொடுப்பார், காசு வாங்கமாட்டார். ஆனால் இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் ஒரு துண்டுகூடக் கொடுத்ததில்லை. கடை சாத்திய பிறகு இன்றும் நான் மாடியில் குறி பார்த்து அடிக்கிறேன். பதக்கத்துக்காக அல்ல, பிடித்திருக்கிறது.

எங்கள் பக்கத்துத் தெருக் கல்லூரிப் பையன் ஒருவன் ஆன்லைனில் ஓர் உண்டிகோல் வாங்கினான். பளபளவென்று உலோகக் கவட்டை, மணிக்கட்டில் முட்டுக்கொடுக்க ஒரு கம்பி, விரல் தடிமனுக்கு மஞ்சள் ரப்பர்க் குழாய். “குழாய் கழன்று கழன்று வருகிறது அக்கா, இறுக்கிக் கொடுங்கள்” என்று கடைக்கு எடுத்து வந்தான். குழாயைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தேன். அது கவட்டை முனையில் ஏறி உட்காரும் இடத்தில், நகம் பதிந்தது போல ஒரு கீறல். அந்த முனையை விரலால் தடவினால் பிசிறு குத்துகிறது. வார்த்து எடுத்தவர்கள் அரம் போடாமலே அனுப்பிவிட்டார்கள். இழுக்காதே என்றேன். புதுசு, போன வாரம்தான் வந்தது என்று அவனுக்கு ரோஷம். சரி, இழுத்துத்தான் பார்ப்பாய் என்றால் இதைப் போட்டுக்கொள் என்று தம்பி கிரைண்டிங் பிடிக்கும்போது மாட்டும் கண்ணாடியைக் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே மாட்டினான். முழுக் கை இழுப்புக்கு வருவதற்குள் குழாய் அறுந்துவிட்டது. கன்ன எலும்பில் ஒரு வீக்கம், கண்ணாடியின் வலது பக்கத்தில் குறுக்கே ஒரு தழும்பு. அந்தக் கண்ணாடி 120 ரூபாய். இன்னும் கடையில்தான் மாட்டியிருக்கிறது, கேட்பவர்களுக்கெல்லாம் காட்டுகிறேன்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது அறுந்த இடம். குண்டை வைத்து இழுக்கும் தோல் துண்டின் பக்கம் அறுந்தால் ரப்பர் கவட்டையை நோக்கிச் சுருங்கும், பிடித்திருக்கும் கை விரலில் சுளீரென்று விழும், அத்தோடு போயிற்று. கவட்டைப் பக்கம் அறுந்தால் அது சுருங்கி ஓட வேண்டிய இடம் தோல். தோலைப் பிடித்திருக்கும் கை எங்கே இருக்கிறது? கன்னத்தருகே. அதனால்தான் கண்ணாடி முதலில் என்கிறேன். பாலிகார்பனேட்டில், பக்கவாட்டும் மறைக்கிற மாதிரி, ‘இசட் 87’ (Z87) அல்லது ‘இஎன் 166’ (EN 166) என்ற பாதுகாப்புத் தர முத்திரை உள்ளதாகப் பாருங்கள். பாரிமுனைப் பக்கம் ஹார்டுவேர்க் கடைகளில் கேட்டால் எடுத்துப் போடுவார்கள். பவர் கண்ணாடி இதற்கு ஈடாகாது.

மணிக்கட்டுக் கம்பி வைத்தது எல்லாமே ஆபத்து என்று நான் சொன்னதாக யாரும் கிளம்ப வேண்டாம். நன்றாகச் செய்ததும் இருக்கிறது. ஆனால் அந்தக் கம்பி, கை தாங்காத கனமான ரப்பரையும் இழுக்க வைத்துவிடும். புதியவருக்கு அது எதற்கு? 0.5 மில்லிமீட்டர் தடிமனில் தட்டை லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) போதும். கவட்டைப் பக்கம் 20 மில்லிமீட்டர் அகலம், தோல் பக்கம் 15. கவட்டையிலிருந்து கன்னம் வரை உங்கள் இழுப்பு 80 சென்டிமீட்டர் என்றால், கவட்டைக் கட்டிலிருந்து தோல் கட்டு வரை ரப்பர் 17, 18 சென்டிமீட்டர் விடுங்கள். குட்டையாகக் கட்டினால் வேகம் கூடும், ஆயுள் குறையும். இப்போது வரும் பியூட்டைல் என்ற செயற்கை ரப்பர் சைக்கிள் டியூப்பை வெட்டிக் கட்டாதீர்கள், சுருங்குவதில் அதற்குச் சோம்பல் அதிகம். வெயிலும் எண்ணெயும் லேடெக்ஸுக்கு எமன். எங்கள் கடையில் கிரீஸ் கையோடு யாரையும் ரப்பரைத் தொட விடுவதில்லை. தகரக் கூரைக்குக் கீழே பரணில் போட்டு வைக்காமல், முகப்பவுடர் தூவி ஒரு கவரில் மூடி வையுங்கள்.

அந்தத் தட்டை ரப்பரை நான் வரவழைத்த கதை தனி. “அந்தப் பக்கமெல்லாம் வருவதில்லை மேடம், மெயின் ரோட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்” என்றது கூரியர்காரர் குரல். வியாசர்பாடி என்றோ கொருக்குப்பேட்டை என்றோ சொன்னால் வாடகைக் கார்களும் இப்படித்தான் ரத்தாகின்றன. மணலியில் சுத்திகரிக்கும் பெட்ரோல் வேண்டும், எண்ணூர்ப் பக்கத்து மின்சாரம் வேண்டும், காசிமேட்டு மீன் வேண்டும். எங்கள் வீட்டு வாசலுக்கு ஐம்பது கிராம் ரப்பர் மட்டும் வராது. தென்சென்னையில் ஒரு பையன் உண்டிகோல் பிடித்தால் அது ஹாபி, எங்கள் பையன் பிடித்தால் “எவன் வீட்டுக் கண்ணாடியை உடைக்கப் போகிறாய்?” சரி, விடுங்கள்.

குண்டுக்கு வருகிறேன். சைக்கிள் பேரிங் குண்டு கிடைக்குமா என்று பலர் எங்களிடம் கேட்கிறார்கள், புதியவர்களுக்கு நான் கொடுப்பதில்லை. இரும்புக் குண்டு சுவரில் பட்டால் திரும்பி வரும். 8 மில்லிமீட்டர் குண்டு 2 கிராம்தான், பல்லை உடைக்க அது போதும். கோலி உடைந்து சிதறும். சாலைக் கல் ஒழுங்கில்லாத உருவம், நேராகப் போகாது, கவட்டையிலேயே மோதும். காய்ந்த களிமண் உருண்டை 9, 10 மில்லிமீட்டரில் பாக்கெட்டாக விற்கிறது. அது பட்ட இடத்தில் தூளாகிவிடும்.

எதிரே ஒரு பெரிய அட்டைப் பெட்டி, அதற்குள் பழைய லுங்கியை இரண்டாக மடித்துத் தொளதொளவென்று தொங்கவிடுங்கள். இழுத்துக் கட்டினால் குண்டு துளைத்துவிடும். தொங்கினால் துணி வேகத்தை வாங்கிக்கொண்டு குண்டைக் கீழே போட்டுவிடும். பெட்டிக்குப் பின்னால் மாடிப்படி அறைச் சுவர் இருக்க வேண்டும். கைப்பிடிச் சுவருக்கு வெளியே தெருதான், அந்தத் திசையே வேண்டாம். 5 மீட்டரில் ஆரம்பித்தால் போதும்.

மாஞ்சா நூலைத் தடை செய்ததுபோல் இதையும் செய்ய வேண்டும் என்று எழுதத் துடிப்பவர்களே, மாஞ்சா போகிற வருகிறவர் கழுத்தை அறுக்கிறது. நான் சொல்வது பெட்டிக்குள் அடிப்பதை. கிளி, மைனாவைக் குறிவைக்கும் எண்ணம் கேட்டவருக்கு இருந்தால் இந்தப் பதில் அவருக்கு இல்லை. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அது குற்றம்.

கவட்டைக்கு ஒரு வரி போதும்: கெட்டியான பிளைவுட் அல்லது நல்ல பிளாஸ்டிக், மழமழவென்ற முனை, அகலமான இடைவெளி. ஒவ்வொரு முறையும் அடிக்கும் முன் இரண்டு கட்டுகளையும் இலேசாக இழுத்து வெளிச்சத்தில் பாருங்கள், கீறல் தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். கழற்றிய ரப்பரைக் குப்பையில் போடும் முன் துண்டு துண்டாகக் கத்தரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் தெருவில் ஏதாவது ஒரு பையன் அதை எடுத்துக் கவட்டையில் கட்டிவிடுவான்.