வருடச் சந்தா கட்டிய பிறகு விளம்பரம் போடலாமா?

கேள்வி: 'விளம்பரம் இல்லை' என்று போட்டிருந்ததை நம்பி ஓர் ஓடிடி தளத்துக்கு ஒரு வருடச் சந்தா கட்டினேன். ஐந்தாவது மாதமே படத்துக்கு நடுவில் விளம்பரம் வருகிறது. வேண்டாமென்றால் கூடுதல் பணம் கேட்கிறார்கள். பார்த்துக்கொண்டிருந்த தொடரையும் தூக்கிவிட்டார்கள். அடுத்த வருடம் கட்டணத்தை ஏற்றி ஆட்டோபேயில் எடுத்துக்கொண்டால் என்ன செய்வது?

பதில்: உங்கள் குறைகளில் விளம்பர விஷயம்தான் வலுவானது. 'விதிமுறைகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம்' என்ற வரியை நிறுவனம் காட்டும். ஆனால் ஒரு வருடத்துக்கு இன்னது தருகிறேன் என்று சொல்லி முழுப் பணத்தையும் வாங்கிவிட்டு, பாதியில் சேவையைக் குறைப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி சேவைக் குறைபாடு, நேர்மையற்ற வணிக நடைமுறை என்று உறுதியாக வாதிடலாம். 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்ற வாதத்தை மட்டும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வைக்காதீர்கள். அது மாநில நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டியது. பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

பணம் கட்டிய அன்று திரையில் என்ன இருந்தது என்பதே உங்கள் சாட்சி. ஸ்கிரீன்ஷாட் இல்லையென்றால் அன்று வந்த மின்னஞ்சல், ரசீது, அவர்களுடைய பழைய விளம்பரம் எல்லாவற்றையும் திரட்டுங்கள். அப்புறம் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் கேளுங்கள்: மீதி மாதங்களுக்கு விளம்பரமில்லாமல் கொடுங்கள், அல்லது அந்த மாதங்களுக்கான பணத்தைத் திருப்புங்கள். கூடுதல் தொகையைக் கட்டியே ஆகவேண்டுமென்றால், ஆட்சேபத்துடன் கட்டுவதாக முதலில் எழுதிவிடுங்கள்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, இணைய வழியிலும் தாக்கல் செய்யலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. 2 வருடங்களுக்குள் போக வேண்டும். 'தகராறு வந்தால் நடுவர் மன்றத்தில்தான் தீர்க்க வேண்டும்' என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும் தயங்க வேண்டாம். அது நுகர்வோர் ஆணையத்தின் கதவை அடைக்காது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லிவிட்டது. தொகை சின்னதுதானே என்று விட்டுவிடாதீர்கள். இப்படி விட்டுவிடுவோம் என்ற நம்பிக்கையில்தான் மாற்றுகிறார்கள்.

தொடர் போனதற்கு வழக்கு நிற்பது கடினம். ஒளிபரப்பு உரிமம் முடிந்தால் எடுத்துவிடுவார்கள். அந்தத் தொடரைக் காட்டியே சந்தா விற்றிருந்தால் மட்டும் பேசலாம்.

அடுத்த வருடக் கட்டணத்தை ஏற்ற அவர்களுக்கு உரிமை உண்டு. கேபிள், டிடிஎச் கட்டணங்களுக்கு இருக்கும் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிகள் ஓடிடிக்குக் கிடையாது. ஆனால் ரிசர்வ் வங்கி விதிப்படி, ஆட்டோபேயில் பணம் எடுக்க 24 மணி நேரத்துக்கு முன்பே தொகையைச் சொல்லித் தகவல் வர வேண்டும். அப்போது நீங்கள் நிறுத்தலாம். 15,000 ரூபாய் வரை ஓடிபி கேட்காமலே பணம் போகும் என்பதால் அந்தக் குறுஞ்செய்தியைத் தவறவிடாதீர்கள். இன்றே தளத்தில் தானியங்கிப் புதுப்பிப்பையும், வங்கி அல்லது யுபிஐ செயலியில் ஆட்டோபே அனுமதியையும் தனித்தனியாக ரத்து செய்யுங்கள். ரத்து செய்யும் வழியை ஒளித்து வைத்திருந்தால், 2023-இல் வந்த 'டார்க் பேட்டர்ன்' (நுகர்வோரை ஏமாற்றும் திரை வடிவமைப்பு) வழிகாட்டுதலின்படி அதுவே தனிப் புகார். இனி மாதச் சந்தாவாக எடுங்கள். தள்ளுபடி குறைந்தாலும், பிடிக்காத மாதமே வெளியேறிவிடலாம்.