கத்தரியை எடுப்பதற்கு முன்

அன்புள்ள ஐயா,

நாகர்கோவிலுக்கு அருகில் சிறிய தையல் கடை ஒன்றை நடத்தி வருகிறேன். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் வெட்டும் மேசையின்மேல் கையை வைத்து, "ஆண்டவரே, இன்றைய வேலையை நீரே ஆயத்தப்படுத்தி ஆசீர்வதியும்" என்று ஜெபித்த பிறகுதான் கத்தரியைத் தொடுவேன். சென்ற கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம், அப்படி ஜெபித்து முடித்த சற்று நேரத்தில், ஒரு பட்டு ரவிக்கையின் பின்கழுத்தை 7 அங்குலத்துக்குப் பதிலாக 9 அங்குலம் இறக்கி வெட்டிவிட்டேன். அளவு நோட்டில் எதிர்ப்பக்கத்தில் இருந்த வேறொருவரின் அளவைப் பார்த்திருக்கிறேன். முந்தைய இரண்டு இரவுகளும் 2 மணி வரை மெஷினில் உட்கார்ந்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். துணிக்கான பணத்தைக் கொடுத்துவிட்டேன். ஆனால் மனம் ஆறவில்லை. ஜெபித்துத் தொடங்கிய வேலையில் ஏன் இப்படி நேர்ந்தது? ரவிக்கை தைப்பது போன்ற சில்லறை வேலைக்கெல்லாம் ஆண்டவரைக் கூப்பிடுவதே தவறோ?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அது எளியது. யாத்திராகமம் 28ஆம் அதிகாரத்தை உங்களைப் போன்ற ஒருவர் படிக்கும்போது கிடைக்கும் இன்பம் என்னைப் போன்றவர்களுக்குக் கிடைக்காது. பிரதான ஆசாரியனாகிய ஆரோனுக்கு உடை தைக்க வேண்டியவர்களைத் தாமே ஞானத்தின் ஆவியால் நிரப்பியதாகக் கர்த்தர் அங்கே சொல்கிறார். அதோடு நின்றுவிடாமல், நீல அங்கியில் தலை நுழையும் துவாரம் நடுவில் இருக்க வேண்டும், அது கிழியாதபடி சுற்றிலும் நெய்த நாடா ஒன்று இருக்க வேண்டும் என்று கழுத்து வேலையையும் விவரிக்கிறார். நீங்கள் தவறவிட்டதும் ஒரு கழுத்தைத்தான். கழுத்துக்கு வைக்கும் பட்டி வரை கவனித்துச் சொன்னவரிடம் ரவிக்கையைப் பற்றிப் பேசக் கூச்சப்பட வேண்டியதில்லை. யோப்பா பட்டணத்துத் தொற்காள் இறந்தபோது, அழுதுகொண்டு நின்ற விதவைகள் பேதுருவிடம் எடுத்துக் காட்டியவையும் அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளே.

முதல் கேள்வி கடினமானது. ஜெபித்தவரின் கை தவறாது என்று வேதத்தில் எங்கும் எழுதப்படவில்லை. அப்படி நான் சொன்னால் அது உங்களை ஏமாற்றுவதாகும். ஆனால் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் சொல்லிச் சென்ற ஒரு வரியில் என் கண் நின்றுவிட்டது. இரண்டு இரவுகள் 2 மணி வரை விழித்திருந்தீர்கள். "கர்த்தர் வீட்டைக் கட்டாராகில்" என்று தொடங்கும் 127ஆம் சங்கீதத்தை நாம் புதுவீட்டு வாசலில் எழுதி வைக்கிறோம், திருமண அழைப்பிதழில் அச்சிடுகிறோம். அடுத்த வசனத்தை மட்டும் வசதியாகத் தாண்டிவிடுகிறோம். அதிகாலையில் எழுந்து, நேரங்கழித்தும் வேலையில் உட்கார்ந்து, வருத்தத்தின் அப்பத்தைச் சாப்பிடுவதும் விருதா, அதாவது வீண் என்றும், அவர் தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார் என்றும் அது சொல்கிறது. மூலமொழியில் இவ்விடத்தை "நித்திரையிலேயே அளிக்கிறார்" என்றும் படிக்கலாம் என்பார்கள். எனக்கு இந்த இரண்டாவது வாசிப்பின்மேல் தனிப் பிரியம் உண்டு.

ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் நாளைக் கணக்கிடும் முறையையும் பாருங்கள். சாயங்காலம் முன்னும் விடியற்காலம் பின்னுமாக அங்கே ஒவ்வொரு நாளும் ஆகிறது. அந்தக் கணக்கின்படி, காலை 9 மணிக்கு நீங்கள் ஷட்டரைத் தூக்கும்போது உங்கள் நாள் பாதி கடந்துவிட்டது. வேலையை ஆயத்தப்படுத்தும்படி நீங்கள் அப்போது கேட்கிறீர்கள். அந்த ஆயத்தத்தில் பெரும்பங்கு முந்தைய இரவிலேயே தூக்கமாக உங்களுக்கு நீட்டப்பட்டிருந்தது என்று நான் எண்ணுகிறேன். இதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பண்டிகை வாரத்தில் வாசலில் வந்து நிற்பவரிடம் "முடியாது" என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பதையும், அந்த ஒரு வாரத்து வருமானம் எத்தனை மாதங்களைத் தாங்க வேண்டியிருக்கிறது என்பதையும் அறிவேன்.

இந்த இடத்தில் நெகேமியா நமக்கு உதவுவார். பெர்சிய ராஜாவின் சூசான் அரண்மனையில் பானபாத்திரக்காரராக இருந்த அவர், எருசலேமின் அலங்கம், அதாவது நகர மதில், இடிந்து கிடப்பதைக் கிஸ்லேவு மாதத்தில் கேள்விப்பட்டு, உபவாசித்து ஜெபிக்கத் தொடங்கினார். ராஜா அவருடைய முகவாட்டத்தைக் கண்டு காரணம் கேட்டதோ நிசான் மாதத்தில். இடையில் ஏறத்தாழ 4 மாதங்கள் கழிந்திருந்தன. "உனக்கு என்ன வேண்டும்" என்ற கேள்விக்கும் தம் பதிலுக்கும் நடுவே ஒரு மூச்சு நேரம் ஜெபித்துவிட்டு அவர் அடுக்கியவற்றைக் கவனியுங்கள்: திரும்பிவரும் காலம், ஐப்பிராத்து நதிக்கு அப்புறத்து அதிபதிகளுக்குக் கடிதங்கள், கதவுகளுக்கும் அலங்கத்துக்கும் மரம் தரும்படி வனக்காவலன் ஆசாபுக்கு ஒரு கடிதம். இத்தனை துல்லியமான பட்டியல் அந்த நொடியில் உதித்திருக்காது. 4 மாத ஜெபத்தின் ஊடாகவே அது உருவாகியிருக்க வேண்டும். அலங்கம் 52 நாளில் முடிந்ததைப் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம், மரத்துக்கான கடிதத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஆகவே மேசையின்மேல் கையை வைக்கும் வழக்கத்தை விடாதீர்கள். ஆனால் நவம்பர் மாத இரவொன்றில் அளவு நோட்டையும் காலண்டரையும் திறந்து வைத்துக்கொண்டு இதே ஜெபத்தைச் செய்து பாருங்கள். ஒரு நாளில் எத்தனை ரவிக்கைகளை லைனிங், கொக்கி, ஓரம் அடிப்பது உட்பட உங்களால் ஒழுங்காக முடிக்க முடியும், எந்தத் தேதிக்குமேல் துணி வாங்கக் கூடாது, கொக்கி கட்டும் வேலைக்கு மட்டுமாவது யாரையாவது வைத்துக்கொள்ள முடியுமா என்பனவெல்லாம் அந்த ஜெபத்துக்குள் வரட்டும். ஒருவருடைய அளவுக்கு ஒரு தாள் என்று ஒதுக்கி, எதிர்ப்பக்கத்தை வெறுமையாக விடுவதும் அதில் சேரும்.

வரும் கிறிஸ்துமஸுக்கு எந்தத் தேதியோடு ஆர்டரை நிறுத்தப்போகிறீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் சகோதரன்