டாக்கரா, ஃப்ரெஷ்டெஸ்க்கா? டெல்டா கடைக்காரர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்

கும்பகோணம், பாத்திரக்கடை: வாடிக்கையாளர் மெசேஜைச் சமாளிக்கப் பையன் டாக்கர் போடணும்ங்கிறான். கம்பெனி ஆள் ஒருத்தர் ஃப்ரெஷ்டெஸ்க் போதும்ங்கிறார். ரெண்டுல எது நல்லது?

பதில்: அண்ணே, நெல்லுச் சாக்கு நல்லதா, நெல்லுத் தரகர் நல்லவரா என்று கேட்கிற மாதிரி இருக்கிறது. டாக்கர், பாட்மேன் இரண்டும் ஒரு மென்பொருளை அதற்கு வேண்டிய சாமான்களோடு சேர்த்து 'கன்டெய்னர்' என்ற பொட்டலமாகக் கட்டி, எந்த சர்வரிலும் அப்படியே ஓடவைக்கிற கருவிகள். ஃப்ரெஷ்டெஸ்க், ஜோஹோ டெஸ்க், இன்டர்காம் எல்லாம் வாட்ஸ்அப், மெயில், இணையதள சாட் என்று எந்த வழியில் வந்த கேள்வியையும் ஒரே இடத்தில் சேர்த்து, யாருக்குப் பதில் போனது, யாருக்குப் போகவில்லை என்று காட்டுகிற சேவைகள்.

பையன் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. ஃப்ரெஷ்டெஸ்க் செய்கிற வேலையையே செய்யும் சாட்வூட் மாதிரி ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை டாக்கரில் ஏற்றி நீங்களே ஓட்டலாம். ஆக, முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஆளுக்கு இவ்வளவு என்று மாதச் சந்தா கட்டுவதா, சொந்தமாக சர்வர் வைத்துப் பார்த்துக்கொள்வதா. பதில் சொல்கிறவர்கள் இரண்டு மூன்று பேர் என்றால் சந்தாவே மேல். பத்துப் பேர் இருந்தாலும், ராத்திரி சர்வர் நின்றால் எழுந்து பார்க்க லினக்ஸ் தெரிந்த ஆள் இல்லையென்றால், அப்போதும் சந்தாதான். ஒரே ஆள் பதில் சொல்கிற கடைக்கு இரண்டுமே வேண்டாம். இலவச வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் போதும்.

மன்னார்குடி, விதை உரக்கடை: மேட்டூர் திறந்ததும் குறுவை விதை வந்திருக்குன்னு 1,500 பேருக்குச் சொல்லணும். ஆப்ல பிராட்காஸ்ட் போட்டா பாதிப் பேருக்குப் போகவே இல்ல.

பதில்: ஆப்பில் ஒரு பட்டியலுக்கு 256 பேர்தான். அதிலும் உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போகும். மீதிப் பேருக்குப் போகாது, போகவில்லை என்று ஆப் சொல்லவும் சொல்லாது.

1,500 பேர் என்றால் வாட்ஸ்அப் கிளவுட் ஏபிஐ வேண்டும். அது ஆப் இல்லாமல் மென்பொருள் வழியாக மெசேஜ் அனுப்ப, வாட்ஸ்அப்பை நடத்தும் மெட்டா தருகிற இணைப்பு. முன்கூட்டியே மெட்டாவிடம் டெம்ப்ளேட்டுக்கு (அனுப்பப்போகும் மெசேஜின் மாதிரி வாசகத்துக்கு) அனுமதி வாங்கணும். "விதை வந்துவிட்டது" என்பது மார்க்கெட்டிங் வகை. யூட்டிலிட்டி (ஆர்டர், பில் மாதிரியான தகவல்) என்று போட்டால் வகையை அவர்களே மாற்றிவிடுவார்கள். 2025 ஜூலை முதல் டெம்ப்ளேட்டுக்கு மெசேஜ் கணக்கில்தான் கட்டணம். பலர் சறுக்குவது இங்கேதான்: புதுக் கணக்கில் 24 மணி நேரத்துக்கு 250 பேருக்குத்தான் நீங்களாகப் பேச்சைத் தொடங்க முடியும். மேட்டூர் திறக்கிற ஜூன் 12 அன்று காலையில் உட்கார்ந்தால் நடக்காது. மே மாதமே வணிகச் சரிபார்ப்பை முடித்து, கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பி வரம்பை ஏற்றிக்கொள்ளுங்கள். கேட்காதவருக்கு அனுப்பாதீர்கள். பலர் பிளாக் செய்தால் தரக் குறியீடு இறங்கும், டெம்ப்ளேட்டையே நிறுத்தி வைக்கவும் கூடும்.

இதைவிட மலிவான வழி ஒன்று உண்டு. பில்லிலும் கடைப் பலகையிலும் கியூஆர் ஒட்டி, "குறுவை என்று அனுப்புங்க" என்று எழுதுங்கள். விவசாயி முதலில் அனுப்பினால் அந்த நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்கு நீங்கள் சொல்கிற சாதாரணப் பதில்கள் இலவசம், 250 கணக்கிலும் வராது.

எஸ்எம்எஸ் என்றால் டிஎல்டியில் (வணிக எஸ்எம்எஸ் அனுப்புகிறவர்களுக்கான பதிவுத் தளத்தில்) நிறுவனம், தலைப்பு (அனுப்புநர் பெயர்), டெம்ப்ளேட் மூன்றும் பதிவாகணும். பதிந்த வாசகத்தில் ஒரு புள்ளி மாறினாலும் ஆபரேட்டர் தடுத்துவிடுவார். தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 எழுத்துத்தான். தாண்டினால் ஒவ்வொரு துண்டுக்கும் 67. அந்தக் கணக்கும் நம் கண்ணுக்குத் தெரிகிற எழுத்துக் கணக்கில்லை. "குறுவை" நமக்கு மூன்று எழுத்து, அதற்கு ஆறு. உயிர்மெய்யில் ஒற்றைக்கொம்பு, புள்ளி, சுழி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். க, ச, த மாதிரி அகர உயிர்மெய்க்கு மட்டும் ஒன்று.

தஞ்சாவூர், டெவலப்பர்: 4 ஜிபி சர்வர்ல சாட்வூட் டாக்கர் கம்போஸ்ல (பல கன்டெய்னரைச் சேர்த்து ஓட்டுற கருவி) ஓடுது சார். ரெண்டு மாசத்துல டிஸ்க் நிறைஞ்சு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் படுத்துருச்சு.

பதில்: தம்பி, பெரும்பாலும் லாக்தான் (மென்பொருள் தன் வேலையை எழுதி வைக்கும் ஃபைல்). டாக்கரின் வழக்கமான ஜேசன்-ஃபைல் லாக் டிரைவருக்கு உச்சவரம்பே கிடையாது. சாட்வூட்டுக்குள் ஓடும் ரெயில்ஸும் சைட்கிக்கும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி எழுதிக்கொண்டே இருக்கும். /var/lib/docker/containers போல்டரில் எந்த ஃபைல் பெருத்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். பிறகு டாக்கரின் அமைப்பு ஃபைலான டீமன் டாட் ஜேசனில் மேக்ஸ்-சைஸ் 10 எம்பி, மேக்ஸ்-ஃபைல் 3 என்று வைத்து டாக்கரை ரீஸ்டார்ட் பண்ணுங்கள். அதோடு விட்டால் ஒன்றும் மாறாது. புது வரம்பு புதிதாக உருவாகும் கன்டெய்னருக்கு மட்டும்தான். கம்போஸ் அப் கட்டளையை ஃபோர்ஸ்-ரீகிரியேட்டோடு ஓட்டணும்.

கன்டெய்னரை உருவாக்கும் மூலமான பழைய இமேஜ்களை இமேஜ் புரூன் போட்டுக் கழிக்கலாம். வால்யூமில்தான் டேட்டா இருக்கும், அதனால் வால்யூம் புரூன் பக்கம் போகாதீர்கள்.

கேட்காத இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். யூஎஃப்டபிள்யூ என்ற லினக்ஸ் ஃபயர்வாலில் போர்ட்டை மூடிவிட்டோம் என்று நம்பாதீர்கள். டாக்கர் ஐபிடேபிள்ஸில் நேராக வழி போட்டுவிடும், அந்த ஃபயர்வால் விதி அதைத் தொடாது. எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய கம்போஸ் ஃபைலில் 6379:6379 என்று இருந்தால் சாட்வூட் பயன்படுத்தும் ரெடிஸ் டேட்டாபேஸ் ஊருக்கே திறந்து கிடக்கும். 127.0.0.1:6379:6379 என்று மாற்றுங்கள்; கன்டெய்னர்களுக்குள் மட்டும் பேசினால் போதும் என்றால் அந்த வரியே வேண்டாம்.

மயிலாடுதுறை, டிராவல்ஸ்: நாங்களே எழுதிய பாட். நவக்கிரக டூர் கேட்டு காலையில் 10 மணிக்கு மெசேஜ் வந்தா "அலுவலக நேரம் முடிந்தது"ன்னு பதில் போகுது.

பதில்: கன்டெய்னருக்குள் கடிகாரம் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடுகிறது, நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். அலுவலக நேரத்தை 9 முதல் 21 என்று வைத்திருந்தால் அது நம்மூரில் பிற்பகல் 2:30 முதல் இரவு 2:30 ஆகிவிடும். நேர மண்டலத்தைச் சொல்லும் டிசெட் (TZ) மாறியில் Asia/Kolkata என்று கொடுங்கள். ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸ் இமேஜ் என்றால் டிசெட்டேட்டா (tzdata) பேக்கேஜும் வேண்டும், இல்லாவிட்டால் பெரும்பாலும் சத்தமில்லாமல் யூடிசிக்கே திரும்பிவிடும்.

நாகப்பட்டினம், கருவாடு மொத்த வியாபாரம்: சாட்வூட்டைக் கடையில சும்மா கிடக்கிற கம்ப்யூட்டர்லயே ஓட்டலாமா?

பதில்: வேண்டாம். கரன்ட் போனால் வாடிக்கையாளர் பேச்சும் போகும். 2018 நவம்பரில் கஜா கரையேறிய பிறகு உங்கள் பக்கம் கரன்ட் வர எத்தனை நாள் ஆயிற்று என்று உங்களுக்கே தெரியும். கரன்ட் இருந்தாலும், வாட்ஸ்அப் செய்தி வந்து சேர வெப்ஹுக்குக்கு (மெட்டா செய்தியைக் கொண்டுவந்து கொடுக்கும் வழிக்கு) முறையான சான்றிதழோடு ஹெச்டிடிபிஎஸ் முகவரி வேண்டும். பல வீட்டு பிராட்பேண்டில் சொந்தமான பொது ஐபி கிடைப்பதில்லை. மெட்டா ஏழு நாள் வரை மறுபடி அனுப்பிப் பார்க்கும், ஆனால் விலை கேட்டவர் அதுவரை காத்திருக்க மாட்டார்.

திருப்புவனம், பட்டுக்கடை: முன்ன இருந்த ஆள் வாட்ஸ்அப்பையே டாக்கர்ல ஓட்டிக்கொடுத்தார். இப்ப எதுவும் போகல, கன்டெய்னர் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு.

பதில்: அக்கா, அது ஆன்-பிரமிசஸ் ஏபிஐ. மெட்டா கொடுத்த கன்டெய்னர்களை நாமே டேட்டாபேஸோடு சேர்த்து ஓட்டும் முறை. டாக்கரும் வாட்ஸ்அப்பும் ஒரே பொருள் என்று பலரைக் குழப்பிவிட்டதே இதுதான். 2025 அக்டோபர் 23-ஓடு நிறுத்திவிட்டார்கள். அதே நம்பரை 6 இலக்க பின் (PIN) நம்பர் கொடுத்து கிளவுட் ஏபிஐயில் பதிவு செய்யச் சொல்லுங்கள். சோதனைக்குக் கிடைக்கும் டோக்கன் (மென்பொருளுக்கான அனுமதிச் சாவி) சீக்கிரமே காலாவதியாகிவிடும். சிஸ்டம் யூசர் டோக்கன் எடுக்கணும். பழைய கன்டெய்னரை நிறுத்திவிடலாம்.

கும்பகோணம், லாட்ஜ்: 2028 மகாமகத்துக்கு ரூம் விசாரணை குவியும். இப்பவே குபர்நெட்டிஸ் போட்டுக்கணுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அது பல சர்வரில் நிறைய கன்டெய்னர் ஓட்டுகிறவர்களுக்கான கருவி. கிளவுட் ஏபிஐ ஒரு நம்பருக்கே நொடிக்கு 80 மெசேஜ் தாங்கும், நல்ல சர்வர் ஒன்றும் தாங்கும். தாங்காதது பதில் சொல்கிற ஆட்கள்தான். தேதி, ரூம் வகை, எத்தனை பேர் என்று மூன்றையும் பாட் கேட்டு வாங்கட்டும், ஆள் அதன் பிறகு வரட்டும்.

திருவாரூர்: டாக்கருக்குக் காசு கட்டணுமா?

பதில்: லினக்ஸ் சர்வரில் டாக்கர் என்ஜின் இலவசம். டெஸ்க்டாப் பதிப்புக்கு 250 பேருக்கு மேல் வேலை செய்கிற, அல்லது ஆண்டு வருமானம் 1 கோடி டாலரைத் தாண்டிய நிறுவனம் கட்டணும்.

தஞ்சாவூர், டெவலப்பர் மறுபடியும்: பேக்கப் எப்படி சார்?

பதில்: தினம் ராத்திரி பிஜி டம்ப் (போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் நகல்) எடுத்து வேறு சர்வருக்கு அனுப்பணும். படங்கள் இருக்கும் ஸ்டோரேஜ் வால்யூமும் சேரணும். டேட்டாபேஸை மட்டும் எடுத்தால் உரையாடல் வரும், வாடிக்கையாளர் அனுப்பிய ரசீது போட்டோ வராது. கம்போஸ் டவுன் கட்டளையோடு -v சேர்த்தால் வால்யூம் மொத்தமும் போய்விடும். போஸ்ட்கிரெஸ் இமேஜை 15-லிருந்து 16 என்று எண்ணை மட்டும் மாற்றினால் பழைய ஃபைல்களோடு அது எழுந்திருக்காது. டம்ப் எடுத்துப் புது வால்யூமில் ஏற்றணும். மாதம் ஒரு முறை அந்த டம்ப்பை லேப்டாப்பில் ஏற்றி, கடைசி உரையாடல் எந்தத் தேதி வரை இருக்கிறது என்று பாருங்கள்.