புதிதாகக் குடிவருபவர்களுக்கு என்ன செய்து கொடுக்கலாம்?

கேள்வி: பக்கத்து வீட்டுக்கு இந்த வாரக் கடைசியில் புதிதாக ஒரு குடும்பம் வருகிறது. அவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. என் கையால் ஏதாவது செய்து கொடுக்க ஆசை. என்ன செய்யலாம்? கொடுத்த பாத்திரத்தை எப்படித் திரும்பக் கேட்பது?

பதில்: அவர்களுடைய அடுப்படியை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அடுப்பு மாட்டியிருக்க மாட்டார்கள். தட்டு எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது. ஃப்ரிட்ஜைப் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால், சில மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகுதான் ஓடவிட வேண்டும். சமைத்த ஈரமான சாப்பாடு வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. அதனால் சுடவைக்கிறது, குளிரவைக்கிறது எதுவும் வேண்டாம். கிரீம் கேக் ஆசையை இன்னொரு நாளைக்கு வையுங்கள்.

என்னைக் கேட்டால் வெண்ணெய் பிஸ்கட்தான். கணக்கு சுலபம்: பொடித்த சர்க்கரை 100 கிராம், வெண்ணெய் 200, மைதா 300. உப்பில்லாத வெண்ணெய் என்றால் ஒரு சிட்டிகை உப்பு. இளகிய வெண்ணெயில் சர்க்கரையைக் குழைத்து, மாவைச் சேர்த்து, ஒன்றுசேர்ந்ததும் கையை எடுத்துவிடுங்கள். அழுத்திப் பிசைந்தால் பிஸ்கட் கல்லாகிவிடும். ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி, வெட்டி, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் சுடும்போது வடிவம் கலையாது. ஓவனில் 170 டிகிரி செல்சியஸில் சுமார் 20 நிமிடம். ஓரம் லேசாகச் சிவந்தால் போதும். வெளியே எடுக்கும்போது மெத்தென்று இருக்கிறதே என்று மறுபடி உள்ளே தள்ளாதீர்கள், ஆறினால் தானாக இறுகும். நன்றாக ஆறிய பிறகுதான் டப்பாவில் அடுக்க வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி தண்ணீராகி எல்லாம் நமுத்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் தாங்கும், அவர்கள் வீட்டில் அத்தனை நாள் மிஞ்சினால்!

இதில் முட்டையும் கிடையாது, கடலை, முந்திரி வகையும் கிடையாது. ஆனால் கோதுமையும் பாலும் இருக்கின்றன. இவை ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. அதனால் சேர்த்த பொருள்களையும் செய்த தேதியையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். கைப்பக்குவம் வெளியே போய்விடும் என்று பயப்பட வேண்டாம், அளவை யாரும் கேட்கவில்லை. தேன் மட்டும் சேர்க்காதீர்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஆகாது, அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

பாத்திர விஷயம். கேட்கவே கேட்காதீர்கள். போனாலும் பரவாயில்லை என்கிற டப்பாவில் கொடுங்கள், "டப்பா உங்களுக்குத்தான்" என்று வாய்விட்டுச் சொல்லியும் விடுங்கள். இல்லாவிட்டால் பெட்டி பிரிக்கிற வேலைக்கு நடுவே, இதை வெறுமனே எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று அவர்களுக்கு இன்னொரு கவலை.

சாமான் இறக்கி முடிந்த பிறகு போங்கள். உள்ளே கூப்பிடுவார்கள், அன்றைக்கு வேண்டாம். உட்காரும் நாற்காலியில் மூட்டை இருக்கும். சீட்டின் பின்பக்கம் உங்கள் பெயரையும் கதவு எண்ணையும் எழுதிவிட்டு வந்துவிடுங்கள். மறுநாள் பார்க்கும்போது "பிஸ்கட் எப்படி இருந்தது?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.